மூன்று நாடு... இரண்டு நாள்... ஒரு சுருக்குப்பை!

"ஐரோப்பா வரைக்கும் போயிட்டு ஈஃபில் டவர் பார்க்கலையா?"

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் ஓயவில்லை. எதிர்வீட்டு அக்கா கேட்டார், நாத்தனார் கேட்டாள், நேற்று காய்கறி வண்டிக்காரர்கூடக் கேட்டுவிட்டார். இல்லைங்க, பார்க்கவில்லை. சொல்லப்போனால், மகள் போட்டுவைத்த பாரிஸ் பயணத்தை ரத்து செய்யவைத்ததே நான்தான். அதற்குப் பதிலாக இரண்டே நாளில் மூன்று நாடுகளில் காலை வைத்துவிட்டு வந்தேன். அதில் இரண்டு நாடுகளுக்குள் நடந்தே போனேன்.

மகள் ஜெர்மனியில் சார்புருக்கன் என்ற ஊரில் முதுகலை படிக்கிறாள். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஊர். எவ்வளவு ஒட்டி என்றால், அந்த ஊர் டிராம் ஒன்று நேராகப் போய்ப் பிரான்ஸில் இருக்கும் ஓர் ஊரில்தான் நிற்கும். நம் டவுன் பஸ் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்புவதுபோல! 2025 ஆகஸ்ட் கடைசியில் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இருந்ததால் அவர் வரவில்லை. கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் கேஷியராக உட்கார்ந்து எழுந்தவள் நான். கையில் எந்தக் காசைக் கொடுத்தாலும் முதலில் எண்ணிப் பார்ப்பேன். அது வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன மூன்றாம் நாள், மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பாரிஸ், மூன்று நாள், இரண்டு ராத்திரி. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஓட்டல், மியூசியம், படகுச் சவாரி எல்லாம் சேர்த்து 600 யூரோ. விடியற்காலை பேக்கரி ஒன்றில் வேலை பார்த்து, அதற்காகவே சேர்த்த பணம்.

600 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அறுபதாயிரம். படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் அவளுடைய கல்விக் கடன் தவணை ஆரம்பிக்கும். மாதம் இருபத்தெட்டாயிரம். என் மனசு அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டது.

"ரெண்டு தவணைப் பணம்டி. இரும்புக் கோபுரத்தைப் பார்க்கவா? கேன்சல் பண்ணு."

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா" என்றாள். கேன்சல் செய்தாள். கள்ள நோட்டைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்த "சரிம்மா"வைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"பாரிஸ் வேணாம்னா வேற எங்கயும் வேணாம்னு அர்த்தம் இல்ல. நானே ஒரு பிளான் போடறேன்" என்றேன். பகலெல்லாம் அவள் கல்லூரியில் இருப்பாள். எனக்கு வேலை என்ன? போனும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் ஆசை எல்லாம் பெரிதாகத்தான் இருந்தது. பிராக், வியன்னா, ஆம்ஸ்டர்டாம்... ராத்திரி பஸ்ஸில் போனால் டிக்கெட் மலிவு. ஆனால், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போய், காலையில் பல்லும் தேய்க்காமல் இறங்கி, லக்கேஜ் வைக்க லாக்கருக்குக் காசு கொடுத்து, அறை திறக்கும் மதியம் மூன்று மணி வரை தெருவில் சுற்றவேண்டும். அறுபது வயசு இடுப்பு அதற்குச் சம்மதிக்காது. மலிவு விமானமும் அப்படித்தான். டிக்கெட் விலையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். விமான நிலையம் ஊருக்கு எட்டாத தூரத்தில். அங்கே போகத் தனியாக பஸ், பெட்டிக்குத் தனியாகக் காசு. கூட்டிப் பார்த்தால் ரயிலே தேவலை.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. ஐரோப்பாவில் மலிவான வெளிநாடு என்பது தூரத்தில் இல்லை, எல்லையில் இருக்கிறது. மேப்பை எடுத்து எல்லைக்கோட்டிலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனால் வரிசையாக வருகின்றன. வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம்தான். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர டிராம் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் என்ற ஊருக்குள் வருகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் டிராமோ ஒரு பக்கம் ஜெர்மனிக்கும் இன்னொரு பக்கம் பிரான்ஸுக்கும் போகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து பாலத்தின் மேல் ரயிலேறி ஸ்வீடனில் இறங்கலாம். யாருக்குப் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊருக்குப் பக்கத்து எல்லையைத் தேடினால் போதும்.

எனக்குப் பக்கத்தில் கிடைத்தது லக்ஸம்பர்க். மொத்த நாடே 2,586 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டம் அளவு. ஜனத்தொகை ஏழு லட்சம்கூட இல்லை. பணக்கார நாடு, விலைவாசி எல்லாம் யானை விலை. ஆனால், ஒரு விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2020 மார்ச்சிலிருந்து அந்த நாட்டில் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். அந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டுமல்ல, என்னைப்போல் வந்து போகிறவர்களுக்கும். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். மகளிர் இலவசப் பேருந்து ஓடும் ஊரிலிருந்து போனவள் நான். இருந்தாலும் ஒரு நாடே இலவசம் என்றால் சும்மாவா!

ஜெர்மனி பக்கத்துச் செலவுக்கும் வழி இருந்தது. அங்கே 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று ஒரு மாதாந்தர பாஸ் இருக்கிறது. 2023-ல் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், நான் போனபோது 58 யூரோ. இந்த வருஷம் ஜனவரியிலிருந்து 63. ஜெர்மனி முழுக்க டவுன் பஸ், டிராம், வட்டார ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. மகளுக்கு மாணவர் பாஸ் இருந்தது. எனக்கு ஒரு மாதத்துக்கு எடுத்தாள். ஒன்று கவனிக்க வேண்டும். இது சந்தா. மாதம் முடிந்தால் தானாக நின்றுவிடாது. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். வாங்கிய அன்றைக்கே நான் அவளை உட்காரவைத்து, அடுத்த மாதத்துக்கு வேண்டாம் என்று அழுத்தவைத்தேன்.

ஆக, லக்ஸம்பர்க்கிலிருந்து திரும்பும்போது எல்லை வரை இலவசம், எல்லைக்கு இந்தப் பக்கம் பாஸ். ரயில் செலவு பூஜ்யம்! யூரோதான் மூன்று நாடுகளிலும். ஜெர்மன் சிம் கார்டே மற்ற இரண்டு நாடுகளிலும் கூடுதல் காசில்லாமல் வேலை செய்யும். ராத்திரி தங்கலை மட்டும் லக்ஸம்பர்க்கில் வைக்காமல் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் வைத்தேன். அறை 72 யூரோ. லக்ஸம்பர்க்கில் அதே மாதிரி அறைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள்.

மேப்பில் மொசெல் ஆற்றின் நீலக்கோட்டோடு விரலை நகர்த்தியபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஷெங்கன்.

விசாவுக்காக எத்தனை தடவை எழுதியிருப்பேன் அந்தப் பெயரை! 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், "180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்கமாட்டேன்" என்ற உறுதி... ஷெங்கன் என்றால் ஏதோ சட்டத்தின் பெயர், யாரோ மந்திரியின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு கிராமமாம்! ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில். லக்ஸம்பர்க்கின் கோடியில், பிரான்ஸும் ஜெர்மனியும் வந்து முட்டும் இடத்தில்.

போகும் வழி தானாகவே விழுந்தது. சனிக்கிழமை சார்புருக்கனிலிருந்து ட்ரியர். ஞாயிறு காலை ட்ரியரிலிருந்து ஆற்றோரமாகவே போகும் சின்ன ரயிலில் பெர்ல். அது ஜெர்மனியின் கடைசி ஊர். அங்கிருந்து நடந்து பிரான்ஸ், திரும்ப நடந்து பாலம் தாண்டி ஷெங்கன். அங்கே இலவச பஸ் பிடித்து லக்ஸம்பர்க் நகரம். சாயங்காலம் ரயிலில் ட்ரியர் வழியாக வீடு.

சனிக்கிழமை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். திறந்திருப்பது ரயில் நிலையக் கடைதான், அங்கே விலை வேறு மாதிரி. புளிக்காய்ச்சல் திருச்சியிலிருந்து கொண்டு போனது. பாட்டிலில் குழாய்த் தண்ணீரையே பிடித்துக்கொள்ளலாம், நன்றாக இருக்கிறது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். மகள் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு பாட்டிலை முந்தின நாளே போட்டு மூன்று யூரோ வாங்கிவிட்டேன். ரயில் நிலையக் கழிப்பறைச் செலவுக்கு ஆச்சு. ஒரு தடவைக்கு ஒரு யூரோ! நூறு ரூபாய் கொடுத்துப் போகிறோமே என்று முதல் தடவை எனக்கு வரவே இல்லை.

ட்ரியர் ரோமானியர்கள் ஆண்ட ஊர். ஊர் நடுவில் கரேலென்று 'போர்ட்டா நீக்ரா' என்ற கோட்டை வாசல் நிற்கிறது. கி.பி. 170 வாக்கில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல், மணற்கல் பாளங்களை இரும்புக் கொக்கி போட்டு இணைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த இரும்புக்காகவே கல்லைக் குடைந்து பிடுங்கியிருக்கிறார்கள். அந்தக் குழிகளை இப்போதும் பார்க்கலாம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் எல்லா ஊரிலும் உண்டுபோல! கல்லணைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பழசு என்றால் பெரிய ஆச்சரியம் வருவதில்லை. இதைப் பார்த்தபோது வந்தது.

கார்ல் மார்க்ஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1818-ல். சீனா அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய சிலை ஒன்று நிற்கிறது. சிக்னலில் பச்சை மனிதனுக்குப் பதிலாகத் தாடியோடு மார்க்ஸே நடக்கிறார். ஒரு கடையில் அவர் படம் போட்ட பூஜ்ய யூரோ நோட்டு விற்றார்கள். நிஜ நோட்டு மாதிரியே காகிதம், மதிப்பு மட்டும் 0. விலை 3 யூரோ.

மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "கேஷியரம்மாவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுக்கட்டுமா?"

"பூஜ்யத்துக்கு மூணு யூரோவா? வை அங்க" என்றேன்.

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அதிகம் பேசவில்லை. நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி அறையில் மறுநாள் பையை அடுக்கும்போது கேட்டாள். "பாஸ்போர்ட் எங்கம்மா வெச்சிருக்க?"

பெருமையோடு பிளாஸ்டிக் கவரை எடுத்தேன். உள்ளே பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா பக்கம், கடைசிப் பக்கம், எல்லாவற்றுக்கும் கலர் ஜெராக்ஸ். இரண்டு செட். ஒரிஜினல் பத்திரமாகப் பெட்டியில், சார்புருக்கனில். பெட்டிச் சாவி என் இடுப்பில், சுருக்குப்பையில். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள் பட்ட பாட்டைப் படித்துப் படித்து நான் செய்துகொண்ட ஏற்பாடு.

மகள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நாளைக்கு நாம நாடு தாண்டறோம். ஷெங்கன் நாடுகளுக்குள்ள எல்லையில நிறுத்த மாட்டாங்கதான். ஆனா ஜெர்மனி போன வருஷம் செப்டம்பர்லருந்து எல்லா எல்லையிலும் திரும்ப செக் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. எப்ப எந்த ரயில்ல ஏறுவாங்கன்னு சொல்ல முடியாது. ஜெராக்ஸ் எல்லாம் செல்லாது. நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்க ஒரிஜினல் வெச்சிருக்கணும்."

"அப்ப திரும்பிப் போயிடலாம். ட்ரியர் பார்த்தாச்சுல்ல, போதும்" என்றேன்.

அவ்வளவுதான். உடைந்துவிட்டது.

"போதும், போதும், போதும்! வந்ததுலருந்து இதையேதான் சொல்ற. பாரிஸ் வேணாம், தவணை. காபி வேணாம், ஃபிளாஸ்க்ல இருக்கு. மூணு யூரோ காகிதம்கூட வேணாம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, என் பீஸுக்காக நீ தோட்டை அடகு வெச்ச. நான் வேணாம்னு சொன்னேனா? வாங்கிக்கிட்டேன்ல? காலைல நாலு மணிக்கு எழுந்து ரொட்டி அடுக்கி உனக்கு ஒண்ணு வாங்கித் தரணும்னு சேர்த்தேன். அதை வாங்கிக்க மாட்டேங்கற. ஏம்மா, கொடுக்கறது உனக்கு மட்டும்தான் உரிமையா?"

எனக்குப் பதில் வரவில்லை. தோடு விஷயம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம். 72 யூரோ அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. தலைமாட்டில் வைத்திருந்த சுருக்குப்பையையும் காணோம். போனில் ஒரே ஒரு வரி. "பாஸ்போர்ட் எடுக்கப் போறேன். பத்து மணிக்குள்ள வந்துடுவேன். ரெடியா இரு."

வீட்டுக்காரருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "உன் அம்மா கொடுத்த புடவையை நீ வேணாம்னு சொல்லியிருக்கியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முழங்கால் பயிற்சிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். கையில் பாஸ்போர்ட், இன்னொரு கையில் சூடாக இரண்டு காபி. ரயில் நிலையத்தில் வாங்கியது. ஃபிளாஸ்க்கில் காபி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. போக வர ரயிலுக்குத் தனியாகக் காசு ஆகவில்லை. அந்த பாஸின் அருமை அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

பெர்ல் போகும் ரயில் மொசெல் ஆற்றை விடவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் லக்ஸம்பர்க், இரண்டு பக்கச் சரிவிலும் திராட்சைக் கொடி. நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி பந்தலில் படரவிடாமல், கம்பிகளில் வரிசை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றைப் பற்றி மகள் ஒன்று சொன்னாள். இந்த இடத்தில் எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடவில்லையாம். கரைக்குக் கரை ஆறு முழுவதும் இரண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்து. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பிரிக்கவே இல்லை. காவிரிக் கரையிலிருந்து போனவளிடம் இதைச் சொல்லலாமா! ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனேன்.

பெர்லில் இறங்கி முதலில் பிரான்ஸ் பக்கம் நடந்தோம். அபாக் என்ற கிராமம், மெதுவாக நடந்து இருபது நிமிஷம். எல்லையில் கேட் இல்லை, காவல்காரர் இல்லை. நட்சத்திர வட்டம் போட்ட நீலப் பலகை ஒன்று, அதில் பிரான்ஸ் என்று எழுத்து. அதைத் தாண்டிப் பத்தடி வைத்தேன். ஒரு நாய் குரைத்தது. மகள் போட்டோ எடுத்தாள். "இதுவும் பிரான்ஸ்தான்மா. பாரிஸ் இன்னும் கொஞ்ச தூரம்" என்று சொல்லிச் சிரித்தாள். ராத்திரிக்கப்புறம் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஒரு சுவர் மேல் உட்கார்ந்து பிரான்ஸ் மண்ணில் புளியோதரை சாப்பிட்டோம்.

திரும்பி வந்து மொசெல் பாலத்தில் ஏறினோம். சில நிமிஷ நடை. அக்கரையில் ஷெங்கன். முதலில் கண்ணில் படுவது சரித்திரம் இல்லை, பெட்ரோல் பங்க். லக்ஸம்பர்க்கில் பெட்ரோல், சிகரெட் எல்லாம் வரி குறைவு என்பதால் ஜெர்மனிக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து நிரப்பிப் போகிறார்கள். நம்மூரில் பாண்டிச்சேரி எல்லையைப் பார்த்திருந்தால் இது புதிதாகத் தெரியாது.

1985 ஜூன் 14-ஆம் தேதி பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து என ஐந்து நாட்டுக்காரர்கள், இங்கே ஆற்றில் 'பிரின்சஸ் மாரி-அஸ்ட்ரிட்' என்ற படகுக் கப்பலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். எல்லையில் நிறுத்திச் சோதிப்பதைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று. பொது ஆற்றின் மேல், மூன்று நாடு சந்திக்கும் இடத்தில். நிஜமாகவே சோதனைகள் நின்றது 1995 மார்ச்சில்தான். இன்றைக்கு அந்த ஒப்பந்தத்தில் 29 நாடுகள். அந்தக் கப்பலையே 40-ஆம் வருஷத்தை ஒட்டித் திரும்பக் கொண்டுவந்து கரையில் நிறுத்தியிருந்தார்கள். என் பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் நின்றுகொண்டு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

காலையில் மூன்று மணி நேரம் போய்விட்டதால் மியூசியத்தை நிதானமாகப் பார்க்கவில்லை. போகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்திருந்ததால் தப்பித்தோம். வழியில் ஒரு பஸ் மாறினோம். டிரைவரிடம் டிக்கெட் கேட்க என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

லக்ஸம்பர்க் நகரம் மலை மேலும் பள்ளத்திலுமாக இரண்டு அடுக்கில் இருக்கிறது. மேலேயிருந்து கீழே ஃபாஃபென்தால் என்ற பகுதிக்கு இறங்க, 71 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி லிஃப்ட். அதுவும் இலவசம். மூன்று தடவை ஏறி இறங்கினோம். டிராமில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சும்மாவே போய் வந்தோம். பழைய கோட்டைச் சுவர் ஓரமாக 'கோர்னிஷ்' என்ற நடைபாதை. கீழே ஆறு, தோட்டம், தேவாலயம், ஓட்டு வீடுகள். கால் வலிக்கும் வரை நடந்தேன்.

அப்புறம் மகள் ஒரு காபிக் கடை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. விலைப்பலகையை நான் பார்த்துவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். "எனக்கு அந்த ஆப்பிள் கேக்" என்றேன். இரண்டு காபி, இரண்டு கேக், 23 யூரோ. அவள் கார்டை நீட்டினாள். நான் பர்ஸைத் தொடவில்லை. மனசுக்குள் பெருக்கிப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பெருக்கிப் பார்த்தேன். வெளியே சொல்லவில்லை.

சாயங்கால ரயில் கூட்டமாக இருந்தது. வாரநாளாக இருந்தால் இன்னும் மோசமாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பக்கத்து நாடுகளிலிருந்து வேலைக்காகத் தினமும் லக்ஸம்பர்க்குக்கு வந்து போகிறார்கள். எல்லை தாண்டியதும் இரண்டு போலீஸார் ஏறினார்கள். ஒவ்வொரு சீட்டாக வந்தார்கள். சிலரைக் கேட்டார்கள், சிலரைக் கேட்கவில்லை. எங்களைக் கேட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். விசா பக்கத்தைப் புரட்டி, என் முகத்தைப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மகளின் அட்டையையும் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சுருக்குப்பை மேல் என் கை இருந்தது. மகள் மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு இரண்டு சீட் தள்ளி ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். போனைத் திறந்து எதையோ காட்டினான். அவர்கள் தலையசைத்துவிட்டு மறுபடி ஏதோ கேட்டார்கள். அவன் பையைக் கிளறினான். அடுத்த நிலையத்தில் அவர்களோடு இறங்கினான். பிளாட்பாரத்தில் பையைத் தரையில் வைத்து இன்னும் தேடிக்கொண்டிருந்தான். ரயில் கிளம்பிவிட்டது. ஷெங்கனில் பார்த்த அந்தக் கப்பல் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தான் நின்றிருந்தது. வீடு போய்ச் சேரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. இது வேறு மாதிரி மௌனம்.

ராத்திரி கணக்கு நோட்டை எடுத்தேன். அறை 72, ட்ரியரில் கோட்டை வாசலுக்குள் போனது, ரயில் நிலையக் காபி, கழிப்பறை, லக்ஸம்பர்க் கேக்... இரண்டு பேருக்கும் சேர்த்து 128 யூரோ. பாஸைத் தனியாக எழுதினேன். அதை வைத்து அந்த மாதம் முழுக்க மேலும் எத்தனையோ ஊர் சுற்றியாயிற்று. மகள் எட்டிப் பார்த்தாள். "அறுநூறுல மிச்சம் 472. என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். சொன்னா கேன்சல் பண்ணச் சொல்லுவ" என்றாள்.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில் வைத்துச் சொன்னாள். அடுத்த மே மாதம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். முழங்கால் சரியாகியிருக்கும். பாரிஸ். "இந்தத் தடவை பிளான் நீ போடு, பணம் நான் போடறேன்" என்றாள்.

சரி என்றேன். இப்போதே பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முன்கூட்டியே எடுத்தால் அந்த அதிவேக ரயில் டிக்கெட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது!

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது சுருக்குப்பைக்குள் ஏதோ மடித்த காகிதம் தட்டுப்பட்டது. தாடியோடு மார்க்ஸ். பூஜ்ய யூரோ. கூடவே கடை ரசீதும். என்றைக்குப் போய் வாங்கினாளோ!

கணக்கு நோட்டை எடுத்து, வரவுப் பக்கத்தில் எழுதினேன். நோட்டு ஒன்று, மதிப்பு 0.